லிஃப்ட்காரியின் கவிதைகள்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்கலாம்தான். ஆனால் வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று கத்துகிறவர்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிவிட்டு வருகிறவள் நீ. போன தடவை நான் "ஹலோ" என்றதும் "மாடல் நம்பர் சொல்லுங்க" என்றாய். அதனால்தான் கடிதம். உன் அண்ணன் சொல்வது சரிதான், நம் குடும்பமே ஊரார் அழுக்கை நம்பிப் பிழைக்கிற குடும்பம். எங்களுக்கு லாண்டரிக் கடை, உனக்கு மெஷின் கம்பெனி.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது நாவலில் பாதி முடிந்துவிட்டது. வழக்கம்போல கவுன்டரில் உட்கார்ந்து, துணி கொடுக்க வருகிறவர்களுக்கு நடுவே எழுதியதுதான். கதாநாயகி ஒரு லிஃப்ட்காரி. பெரிய ஆபீஸ் கட்டடத்தில் முப்பது வருடமாக மேலும் கீழும் போய்வருகிறவள். யாருக்கும் தெரியாமல் கவிதை எழுதுகிறாள். இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அவள் கவிதை எழுதுகிறாள் என்று எத்தனை பக்கம் வேண்டுமானாலும் என்னால் எழுத முடிகிறது. கவிதையை எழுத முடியவில்லை. மூன்று எழுதி உன் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் பாதி பாதியில நிறுத்தியிருக்கே?" என்றார்.

என் முதல் நாவலைப் படித்துவிட்டு நீ சொன்னாயே, "அண்ணி, இதை நாலு வரியில சொல்லியிருக்கலாம்" என்று. அதை நான் மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. இப்போது அந்த நாலு வரியை நீயே எழுதிக் கொடு. எட்டு, ஒன்பது கவிதை போதும். முன்னுரையில் உன் பெயரைப் போட்டு நன்றி சொல்லிவிடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், எழுதியது நீங்கள்தானா என்று பார்க்க. "ஒரு பக்கம் முழுசா எழுதச் சோம்பல்படுறவங்கதான் கவிதை எழுதுறாங்க" என்று சாப்பாட்டு மேஜையில் அண்ணன் முன்னால் சொன்னவர் நீங்கள்தானே? அண்ணன் அதற்குச் சிரித்தான். நானும் அதை மறக்கவில்லை. ஆக, கணக்கு சரியாகிவிட்டது.

எழுதித் தருகிறேன். ஆனால் என் பெயர் எங்கேயும் வரக்கூடாது. என் பெயரில் வந்த இரண்டு தொகுப்பும் பாதிக்குமேல் என் கட்டிலுக்கடியில்தான் தூங்குகின்றன. அந்த ராசி உங்களுக்கு வேண்டாம். லிஃப்ட்காரி எழுதினாள் என்றே இருக்கட்டும். அண்ணனிடமும் சொல்லிவிடாதீர்கள். என் கவிதையில் ஒன்றைக்கூட அவன் முழுசாகப் படித்ததில்லை, "எனக்கு இதெல்லாம் எட்டாது" என்று நைசாக நழுவிவிடுவான். ஆனால் "தங்கச்சி அண்ணிக்கு ஒத்தாசை பண்ணினா" என்று மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பான். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓர் ஆளை உண்டாக்கத் தெரியாது. என் கவிதையில் யார் வந்தாலும் கடைசியில் பார்த்தால் அது நானாகத்தான் இருக்கும். முன்பின் தெரியாத ஒருத்தியை நாற்பது பக்கம் நடக்கவைத்து, சாப்பிடவைத்து, தூங்கவைக்கிறீர்களே, அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு. சொன்னதில்லை, அவ்வளவுதான். அதனால் அவளைப் பற்றி எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். லிஃப்டில் கண்ணாடி உண்டா? உட்கார இடம் உண்டா? வீட்டில் யார் யார்? அவளாக இருந்து பார்க்கிறேன்.

உங்கள்,
வாலு

*

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

பொறாமை என்ற வார்த்தையை உன் கையெழுத்தில் பார்த்ததில் எனக்கு மகா சந்தோஷம். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

கேட்டதற்குப் பதில். லிஃப்டில் கண்ணாடி இருந்தது. ஆட்கள் இறங்காமல் நின்று தலைசீவுகிறார்கள் என்று கழற்றிவிட்டார்கள், திருகாணி இருந்த நாலு ஓட்டை மட்டும் இருக்கிறது. உட்கார ஒரு ஸ்டூல், ஆனால் மேலதிகாரி ஏறினால் எழுந்து நிற்க வேண்டும். சாம்பல் நிறச் சீருடை, இரண்டே செட். பொத்தானை எப்போதும் இடதுகைக் கட்டைவிரலால்தான் அழுத்துவாள், வலதுகையில் பேனா. சாப்பாடு மொட்டைமாடிக்குப் போகும் படியில். தையல் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருக்கிறாள், நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் யாரும் இல்லை. உனக்குத் தேவையானால் ஓர் அண்ணனை வைத்துக்கொள்.

உன் அண்ணனுக்கு இடுப்புவலி. நின்றே வேலை செய்கிறார், சொன்னால் கேட்பதில்லை. நீயாவது சொல்.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

எட்டு கவிதை இத்துடன் இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில், எங்கள் ஆபீஸ் நடைபாதையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதியவை. இவ்வளவு சுலபமாக எனக்கு எப்போதும் வந்ததில்லை. அந்த ஸ்டூலும் நாலு ஓட்டையும் கிடைத்ததும் கை தானாக ஓடியது. எனக்குப் பிடித்தது மூன்றாவது:

எல்லாரிடமும் கேட்டுவிட்டேன்
எந்த மாடி என்று.
என்னிடம் யாராவது கேட்டால்
சொல்வதற்கு
ஒரு மாடி வைத்திருக்கிறேன்.

உங்களுக்குப் பிடிக்காவிட்டால் பாதி பாதியில் நிறுத்தியிருக்கிறேன் என்று அண்ணனைப் போலச் சொல்லிவிடுங்கள். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். "சரி சரி" என்றான். செய்யமாட்டான்.

உங்கள்,
வாலு

*

ஏப்ரல் 6

அடியே வாலு,

பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. முடியவில்லையே.

உன் மூன்றாவது கவிதையைக் கவுன்டரில் வைத்துப் படித்தேன். எதிரே ஒருவர் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை. அவள் யாருமற்றவள், அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று சொல்ல நான் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தேன். ஒரு வருட உழைப்பு. அதில் ஒரு மழைநாள் வரும், ஒரு பிறந்தநாள் வரும், அவள் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து அழுவாள். உன் ஐந்து வரிக்குப் பிறகு அந்த அத்தியாயம் விருந்து முடிந்து எல்லாரும் கைகழுவிய பிறகு பரிமாற வந்தவளைப் போல நிற்கிறது. கிழித்துப் போட்டேன். மூன்று பக்கம்தான் மிச்சம்.

வயிறு எரிகிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன். பாராட்டு என்று எடுத்துக்கொள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். அந்த ஸ்டூல் என்னுடையது. முப்பது வருடம் அவளை மேலும் கீழும் ஓட்டியவள் நான். நீ கடைசி மாடியில் ஏறிக்கொண்டு "வந்துவிட்டோம்" என்கிறாய்.

இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும். கடைசி அத்தியாயம். அவள் ஓய்வுபெறும் நாள், சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறாள். அங்கே ஒரு கவிதை. அதோடு உன்னை விட்டுவிடுகிறேன்.

அன்புடன், அன்பைவிடக் கொஞ்சம் அதிகமான வயிற்றெரிச்சலுடன்,
அண்ணி

*

மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். மற்ற எட்டும் ஓடி வந்தன, இது மட்டும் வரமாட்டேன் என்றது. சீருடை என்று நீங்கள் எழுதியதுதான் காரணம். அண்ணனை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தீர்கள், வைத்துக்கொண்டேன்.

சீருடையை அண்ணன்
கடைசியாகத்தான் தேய்ப்பான்.
சூடு ஆறுமுன் போட்டுக்கோ என்பான்.
அதற்கப்புறம்
எந்தக் கை தொட்டாலும்
கொஞ்சம் ஆறித்தான் இருக்கிறது.

இதில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். வரியைச் சேர்த்துவிடவும் வேண்டாம்.

வாலு

*

நவம்பர் 18

அன்புள்ள வாலுக்கு,

புத்தகம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. உனக்கு ஒரு பிரதி அனுப்பியதோடு சரி, எழுதக் கை வரவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன். கோபப்படாமல் படி.

முதலில் ஊர்க்கதை. என் முந்தைய இரண்டு நாவலுக்கும் சேர்த்து வராத கடிதங்கள் இதற்கு வந்துவிட்டன. எல்லாம் லிஃப்ட்காரியின் கவிதைகளைப் பற்றித்தான். ஒரு பத்திரிகைக்காரர் "கவிதைகளுக்கு இடையே வரும் உரைநடையும் உறுத்தவில்லை" என்று எழுதியிருக்கிறார். முந்நூறு பக்கம் எழுதியவளுக்கு இதுதான் பட்டம்! துணி வாங்க வந்த ஒரு பெண், தன் தோழியின் கல்யாணத்தில் மூன்றாவது கவிதையை வாசித்ததாகச் சொன்னாள். நாவல் எப்படி என்று கேட்டேன். "இன்னும் ஆரம்பிக்கலைங்க, கவிதையெல்லாம் தேடித் தேடிப் படிச்சிட்டேன்" என்றாள். பில்லைக் கையில் கொடுத்து அனுப்பினேன். இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம்.

உன் அண்ணன் என் புத்தகங்களைப் படிப்பது எப்படி என்று உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், முடித்ததும் "பெரிசா இருக்கு" என்பார். இந்தத் தடவை கடைசிப் பக்கத்துக்கு வந்த அன்று கடையை மூடாமல் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன். கண் கலங்கியிருந்தது. "கல்யாணமான புதுசுல ஒரு தடவதான் சொன்னேன், அம்மா போனப்புறம் தங்கச்சிக்கு நான்தான் யூனிஃபார்ம் தேய்ச்சுக் கொடுப்பேன்னு. குளிர்ல நடுங்குவா, அதனால அவளோடத கடைசியா தேய்ப்பேன்னு. இத்தனை வருஷம் அதை மனசுல வெச்சிருந்தியா நீ?" என்றார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் அதை நீ கட்டிய கற்பனை என்றுதான் நினைத்திருந்தேன். உன் அண்ணன் அதை என்னிடம் சொன்னாராம். எப்போது சொன்னார், நான் என்ன செய்துகொண்டிருந்தேன், ஒன்றும் நினைவில்லை.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார், வாலு. கடையில், கவுன்டரில், தெருவில் போகிறவர்கள் பார்க்க. இத்தனை வருடத்தில் அப்படிச் செய்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அந்தக் கவிதையைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சட்டம் போட்டு கவுன்டருக்கு மேலே மாட்டியிருக்கிறார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து டீ போடுகிறார். என்னைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கிறது. அந்தப் பார்வை எனக்கு இல்லை, உனக்கு என்று ஒவ்வொரு தடவையும் குத்துகிறது. அப்படியும் அது வேண்டும் போலத்தான் இருக்கிறது.

பதிப்பாளர், லிஃப்ட்காரியின் கவிதைகளை மட்டும் தனிப் புத்தகமாகப் போடலாம் என்கிறார். எழுதியது நான் இல்லை என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டேன். யார் பெயர் போடுவது என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

அண்ணி

*

டிசம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

போன ஞாயிறு நான் வந்துபோன பிறகு நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யாராவது ஒருவர் ஆரம்பிக்க வேண்டுமே.

கவிதை மாட்டியிருக்கிறான் என்று நீங்கள் எழுதியபோது நான் உண்மையில் சிரித்தேன். நேரில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அண்ணன் எனக்கு என் கவிதையை வாசித்துக் காட்டினான். நன்றாக வாசித்தான், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினான். என் இரண்டு தொகுப்பையும் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது பிரிக்காமல் அலமாரியில் வைத்தவன்.

"உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றான்.

நீங்கள் கவுன்டரில் தலையைக் குனிந்துகொண்டு டோக்கன்களை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். அடுக்கியதையே கலைத்துத் திரும்ப அடுக்கினீர்கள். "ஞாபகம் இல்லண்ணா" என்றேன்.

"நீ மறந்துட்டே. உன் அண்ணி மறக்கல பாரு" என்றான்.

ரயிலில் வரும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். இதைக் கேட்கவா நான் எழுதி அனுப்பினேன்? பெயர் வேண்டாம், அண்ணனிடமும் சொல்ல வேண்டாம் என்றவள் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. அது லிஃப்ட்காரியின் கவிதைக்குச் சொன்னது. அண்ணனைப் பற்றிய கவிதைக்குச் சொன்னது இல்லை. எங்கள் அம்மா இறந்த வருடம் எனக்கு ஏழு வயது, அவனுக்குப் பன்னிரண்டு. ஸ்டூல் போட்டு ஏறி நின்று தேய்ப்பான். முதுகில் அந்தச் சூட்டோடு பள்ளிக்கூடம் போவேன். எனக்கு அதைச் சொல்ல இத்தனை வருடம் தைரியம் இல்லை, உங்கள் லிஃப்ட்காரிக்குள் ஒளிந்துகொண்டுதான் சொல்ல முடிந்தது. சொன்னேன். கேட்க வேண்டியவன் கேட்டும்விட்டான். ஆனால் உங்கள் குரலில் கேட்டான்.

பொறாமைதான், அண்ணி. வேறு பெயர் தேட வேண்டாம். அவன் போட்ட டீயை நீங்கள் குடித்தபோது எனக்குத் தொண்டை எரிந்தது.

பதிப்பாளரிடம் என் பெயரைச் சொல்லுங்கள். ஒன்பது கவிதையும் என் பெயரில் வரட்டும்.

வாலு

*

டிசம்பர் 17

அன்புள்ள வாலுக்கு,

உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அது நியாயம். எட்டு கவிதைக்கு எனக்கு ஒரு பேச்சும் இல்லை.

ஒன்பதாவதை மட்டும் விட்டுவிடேன்.

என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. உன்னிடம் கெஞ்ச வேண்டிவரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அந்தப் புத்தகம் வந்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் என்னைத் திட்டமாட்டார், உன் அண்ணனை உனக்குத் தெரியும். பேசாமல் சட்டத்தைக் கழற்றி வைப்பார். பழையபடி நான் எழுந்து டீ போடுவேன். அவ்வளவுதான் நடக்கும், ஆனால் என்னால் அதைத் தாங்க முடியாது.

உனக்கு ஒரு அண்ணன் எப்போதும் இருந்தான், சூடான சட்டையோடு. நான் அவரோடு கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன். ஒரு நாளும் என்னால் அவர் கண்ணைக் கலங்கவைக்க முடிந்ததில்லை. மூன்று நாவல் எழுதியும் முடியவில்லை. உன் ஆறு வரிதான் செய்தது. அந்த ஆறு வரியை எனக்குக் கொடுத்துவிடு.

அண்ணி

*

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

முடியாது என்று எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அன்று அண்ணன் போன் செய்தான். இடுப்பு தேவலையாம். அரைமணி நேரம் பேசினான். எப்போதும் "ம்", "சரி", "வெச்சிடவா" தவிர ஒன்றும் பேசாதவன். உங்களைப் பற்றித்தான் பேசினான். "என்னை இவ கண்டுக்கவே இல்லைன்னு நினைச்சேன். என்னைக் கவனிச்சிட்டுத்தான் இருந்திருக்கா" என்றான்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

புத்தகம் எட்டு கவிதையோடு வரட்டும். ஒன்பதாவது உங்கள் நாவலிலேயே இருக்கட்டும், உங்கள் பெயரோடு. யாரிடமும் சொல்லமாட்டேன். தியாகம் கியாகம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், எனக்குக் கோபம் தீரவில்லை. அவன் சந்தோஷமாக இருக்கிறான், அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

கொஞ்ச நாளைக்கு அங்கே வரமாட்டேன். அந்தச் சட்டத்துக்குக் கீழே உட்கார என்னால் முடியாது. வேலை அதிகம் என்று அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாத்தனார்

*

ஜனவரி 27

அன்புள்ள வாலுக்கு,

"நாத்தனார்" என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். என் கல்யாணத்திலிருந்து நீ எனக்கு வாலுதான். அதைப் படித்துவிட்டு மூன்று நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது, நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது என்ன தெரியுமா? பொறாமை. முன்னைவிட மோசமான பொறாமை. நாலு வரியில் முந்திக்கொண்டாய், சரி. அண்ணன் மனசில் முந்திக்கொண்டாய், சரி. பெருந்தன்மையிலும் நீதான் முந்த வேண்டுமா? அதிலாவது எனக்கு ஓர் இடம் விட்டுவைக்கக் கூடாதா? இதை மட்டும் என்னால் சகிக்கவே முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

விடுதியிலிருந்து படுக்கைவிரிப்புகள் வந்திருந்தன. அதை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு பக்கம். இரண்டு முனையும் என் கையில், இரண்டு முனையும் அவர் கையில். "அந்தக் கவிதையை எழுதினது நான் இல்ல. உங்க தங்கச்சி. ஒன்பதும் அவதான்" என்றேன். விரிப்பைக் கீழே போட முடியாதே, பாவம். அப்படியே நின்றார். பிறகு முனையோடு முனை சேர்க்க நடந்து வந்தார். கடைசி மடிப்புக்கு இரண்டு பேரும் முகத்துக்கு முகம் வந்துதான் ஆக வேண்டும். யூனிஃபார்ம் தேய்த்த கதையை அவர் என்னிடம் சொன்னதே எனக்கு நினைவில் இல்லை என்று அதையும் சொல்லிவிட்டேன். என் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு இருந்த அத்தனை விரிப்பையும் மடித்து முடித்தோம்.

மறுநாள் சுவரில் சட்டம் இல்லை. நான் எதிர்பார்த்ததுதான். எழுந்து டீ போட்டேன்.

அலமாரியிலிருந்து உன் இரண்டு தொகுப்பையும் எடுத்துக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். சட்டைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு வாரம் படித்தார். ஒரு சட்டைக் காலர்கூடத் தீய்ந்துவிட்டது, அவர் கையில் இதுவரை அப்படி ஆனதே கிடையாது. புரிகிறதா என்று கேட்டேன். "பாதி புரியல. ஆனா அவ பேசுற மாதிரியே இருக்கு. இவ்வளவு பேசியிருக்கா, நான் கேக்கவே இல்ல" என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறார். நீ "ஞாபகம் இல்லண்ணா" என்று சொன்னது ஏன் என்று கேட்பார். திட்டுவார் என்று நினைக்காதே. சாப்பாட்டில் காரம் குறைத்துப் போடு, வயிறு சரியில்லை.

ஒன்பதாவது கவிதையையும் புத்தகத்தில் சேர்க்கச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். என் நாவலின் அடுத்த பதிப்பிலும் உன் பெயர் வரும். இதற்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

நான் இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை. உன் தொகுப்பை முடித்த அன்று என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு பேன்ட்டை மடித்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார். "மூணு நாவல் எழுதியிருக்கே. கோட்டு கொடுக்க வந்தவன், சண்டை போட்டவன், துணியை வாங்க வராமலே போனவன், எல்லாரும் அதுல இருக்காங்க. நான் எங்க இருக்கேன்?"

தேடிப் பார்த்தேன், வாலு. உண்மையாகவே மூன்றையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. ஆயிரம் பக்கத்தில் அவருக்கு ஒரு வரி இல்லை. எதிரே நின்றுகொண்டே இருந்தார், அதனால் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. இனி உன்னிடம் கவிதை கேட்கமாட்டேன். இதை நான்தான் எழுத வேண்டும். இடுப்புவலி, இரண்டிரண்டு பக்கமாகப் படிப்பது, "பெரிசா இருக்கு" என்பது எல்லாம் வர வேண்டும். நாலு வரியில் முடிகிற ஆள் இல்லை அவர், நீயே ஒத்துக்கொள்வாய். ஆரம்பித்திருக்கிறேன். முதல் பக்கத்தையே அவர் கண்ணெதிரே இதுவரை ஏழெட்டு தடவை கிழித்தாகிவிட்டது.

நேற்று கடைக்குப் போனால் உன் கவிதை திரும்பவும் சுவரில் இருக்கிறது. கீழே அவர் கையெழுத்தில் உன் பெயர், கோணல்மாணலாக. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து வைத்திருக்கிறார், ஒன்றும் மாட்டாமல். சட்டம் மாட்டுகிற ஆணி இல்லை அது, அலமாரியையே தாங்குகிற மாதிரி பெரிய ஆணி.

இது எதற்கு என்று கேட்டேன்.

"உனக்குத்தான். உன்னோடது கனமா இருக்கும்ல" என்றார்.

இன்னும் தீராத பொறாமையுடன்,
உன் அண்ணி